மாத்திரைக்கு இல்லை, டயாலிசிஸுக்கு உண்டு: முதியோர் காப்பீட்டில் ஒரு முரண்

பெங்களூரு: நீண்ட காலமாகச் சர்க்கரை நோயும் ரத்த அழுத்தமும் உள்ள முதியவருக்கு இதயமும் சிறுநீரகமும் பழுதடைவது வியப்பன்று. பெங்களூருவில் அவர் இதய சிகிச்சைக்குப் பன்னர்கட்டா சாலையிலுள்ள ஜெயதேவா மருத்துவமனைக்கும், சிறுநீரகத்துக்கு விக்டோரியா மருத்துவமனை வளாகத்திலுள்ள நெப்ரோ-யூராலஜி நிலையத்துக்கும் செல்ல வேண்டும். இரண்டும் மாநில அரசு சார்ந்த, பெயர்பெற்ற நிறுவனங்கள். நோயாளி ஒருவர், வரிசைகள்தான் இரண்டு.

மத்திய சுகாதார அமைச்சகம் 2021 ஜனவரியில் வெளியிட்ட ஆய்வின்படி, 60 வயதைக் கடந்தவர்களில் 75 சதவீதத்தினருக்கு ஏதேனும் ஒரு நாள்பட்ட நோய் உள்ளது. இந்நிலையில், 70 வயது நிறைந்த அனைவருக்கும் வருமான வரம்பின்றி ஆயுஷ்மான் பாரத் திட்டம் 2024 அக்டோபர் 29-ல் விரிவுபடுத்தப்பட்டது. குடும்பத்துக்கு ஆண்டுக்கு ரூ.5 லட்சம். வரவேற்கத்தக்கதே. ஆனால், திட்டத்தின் விதிகள் ஒரு நோய், ஒரு சிகிச்சை என்ற கணக்கில் வகுக்கப்பட்டவை.

ஒரே அனுமதியில் இரண்டு அறுவைச் சிகிச்சைகள் நடந்தால் இரண்டாவதற்குப் பாதித் தொகையே கிடைக்கும். மூன்றாவதற்குக் கால் பங்கு. பல நோய்கள் உள்ளவரைச் சேர்த்துக்கொள்ள மருத்துவமனைகள் தயங்கினால் காரணத்தை வெளியே தேட வேண்டியதில்லை.

மருந்துச் செலவோ, மருத்துவமனையில் சேர்வதற்கு முந்தைய 3 நாள்களுக்கும், வீடு திரும்பிய பின் 15 நாள்களுக்கும் மட்டுமே. 16-ம் நாள் முதல் மாத்திரையும் பரிசோதனையும் நோயாளியின் பொறுப்பு. வெளிநோயாளி சிகிச்சைக்குத் திட்டத்தில் இடமில்லை. சிறுநீரகம் செயலிழந்தபின் டயாலிசிஸுக்குப் பணம் தரும் திட்டம், அந்நிலையைத் தள்ளிப்போடக்கூடிய அன்றாட மாத்திரைக்குத் தருவதில்லை!

கர்நாடகத்தில், வறுமைக்கோட்டுக்கு மேலுள்ள குடும்பங்களுக்கு இன்னொரு தடையும் உண்டு. மத்தியத் திட்டத்துடன் 2018-ல் இணைக்கப்பட்ட ஆரோக்கிய கர்நாடகா திட்டத்தின் விதிகளில், இவர்களுக்குச் சிகிச்சைக் கட்டணத்தில் 30 சதவீதமே அரசின் பங்கு. உச்சவரம்பு ஆண்டுக்கு ரூ.1.5 லட்சம். சிறு ஓய்வூதியத்தில் வாழ்பவரும் இப்பிரிவில்தான் வருவார்.

நாடாளுமன்றம் 2007-ல் நிறைவேற்றிய பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நலச் சட்டத்தின் 20-வது பிரிவு, முதியோரின் நாள்பட்ட நோய்களுக்கான சிகிச்சை வசதியை விரிவாக்கும் கடமையை மாநில அரசுகளுக்கு விதித்துள்ளது. அவர்களுக்குத் தனி வரிசையும் அதே பிரிவில் உண்டு. சுகாதாரத் துறைக்கான நாடாளுமன்ற நிலைக்குழு 2025-ல், வயது வரம்பை 60 ஆகக் குறைக்கவும் காப்பீட்டுத் தொகையை ரூ.10 லட்சமாக உயர்த்தவும் பரிந்துரைத்தது.

பெங்களூருவை அடுத்த கோலார் மாவட்டத்தில் 2024 அக்டோபரில் தொடங்கிய 'கிருஹ ஆரோக்கிய' திட்டத்தில், சுகாதாரப் பணியாளர்கள் வீடு வீடாகச் சென்று ரத்த அழுத்தம், சர்க்கரை நோய் உள்ளிட்டவற்றைப் பரிசோதித்து மருந்தும் வழங்குகின்றனர். மாநிலம் முழுவதும் 2025-ல் விரிவாக்கப்பட்ட இத்திட்டமே, 16-ம் நாளைக் கருத்தில் கொண்ட முயற்சி.