உக்கும் உறையும் வாழை நாரும்

2017 செப்டெம்பர் 1ஆம் திகதி லஞ்ச் ஷீட்டுக்குத் தடை வந்தது. அன்றிலிருந்து உறை விற்க வருபவர்கள் சொல்வது ஒரே வார்த்தைதான்: "இது உக்கிவிடும்." சில மாதங்களில் தூள்தூளாக உதிரும் பையெல்லாம் உக்கிய பை ஆகிவிடாது. மருந்து கலந்த பொலித்தீன் உதிர்ந்தாலும் பொலித்தீன் தூளாகவே மண்ணில் கிடக்கும்.

உண்மையில் உக்கும் உறை புதிதல்ல. 1908இல் சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த பிராண்டன்பேர்கர் மரக்கூழிலிருந்து கண்டுபிடித்த செலோபன்தான் அது. (இன்று அந்தப் பெயரில் விற்கப்படும் பல தாள்கள் வெறும் பிளாஸ்டிக்.) அசல் செலோபனின் குறை ஈரம். ஈரம் பட்டால் தளரும். ஓரத்தில் சிறு கீறல் விழுந்தால் கிழிந்து ஓடும். 1927இல் அமெரிக்காவின் டுபொன்ட் நிறுவனம் மேற்பூச்சுப் பூசி ஈரத்தைத் தடுத்தது.

இப்போது ஆய்வாளர்கள் உறைக்கு உள்ளேயே பலம் சேர்க்கிறார்கள். மரக்கூழைக் கரைத்துத் தாளாக்கும்போது மரத்திலிருந்த இயற்கையான நார்க்கட்டு கலைந்துவிடுகிறது. ஆகவே கரைக்காத நாரை மிக நுண்ணியதாகப் பிரித்து அதே தாளில் கலக்கிறார்கள். இவை நனோ நார்கள். ஒரு மில்லிமீற்றரைப் பத்தாயிரமாகப் பிரித்தால் வரும் பங்கைவிட மெல்லியவை. கொங்கிறீட்டுக்குள் கம்பி போடுவது போலத்தான். நாரும் தாளும் ஒரே இனமாதலால் நன்கு பிடித்துக்கொள்ளும். நார் மிக மெல்லியதாதலால் தாளின் கண்ணாடித் தன்மையும் பெரிதாகக் கெடாது.

நாரைப் பிரிக்க மின்சாரம் அதிகம் செலவாகும். அதைக் குறைக்கும் இரசாயன முறையை உருவாக்கிய டொக்கியோ பல்கலைக்கழகப் பேராசிரியர் இசொகாய் குழுவினருக்கு 2015இல் சுவீடனின் மார்கஸ் வலென்பேர்க் பரிசு கிடைத்தது. இருந்தும் பொலித்தீனின் விலைக்கு இது இன்னும் இறங்கவில்லை. வாழைத்தண்டு, அன்னாசி இலை, கரும்புச் சக்கை ஆகியவற்றிலிருந்தும் இந்த நாரை எடுக்கலாம். குலை வெட்டியபின் நாம் வீசும் தண்டு ஒருநாள் காசாகலாம்.

அதுவரை, உறை வாங்குமுன் மூன்று கேள்விகள் கேளுங்கள். எதிலிருந்து செய்தது? நார் சேர்த்தாலும் ஈரம் முழுதாக நிற்காது. எனவே மேற்பூச்சு என்ன, அதுவும் உக்குமா? மூன்றாவது நமக்கு முக்கியமானது. தாளை இளக்கச் சேர்க்கும் கிளிசரின் தாவர எண்ணெயிலிருந்தும் வரும், மிருகக் கொழுப்பிலிருந்தும் வரும். எதிலிருந்து என்பதை எழுத்தில் பெறுங்கள்.

மேலே காய்ந்த தானியத்தை வைத்து, நனைந்ததை அடியில் மறைத்தவரை நபி (ஸல்) அவர்கள் கண்டித்தது நாமறிந்ததே. உள்ளிருக்கும் பொருளுக்கு மட்டுமல்ல, உறைக்கும் அது பொருந்தும்.