கல்வராயன் மலைக்கு ஜோடியா ட்ரிப்பா? ரூம் எடுக்கும் முன் இதைத் தெரிஞ்சுக்கோங்க!

முதல் நாள் கல்வராயன் மலையில் பெரியார் அருவி, மேகம் அருவி. மறுநாள் கள்ளக்குறிச்சி வழியாக இறங்கி, புதுச்சேரி துறைமுகம் பக்கம் ஒரு சர்வீஸ் அபார்ட்மென்ட். வீக்எண்டுக்கு சூப்பர் பிளான்தான். ஆனால் கல்யாணம் ஆகாத ஜோடிகளுக்கு ஒரு பயம் இருக்கும்: 'ரெய்டு வந்தா என்ன பண்றது?'

தங்குவது குற்றமா?

இல்லை. வயதுவந்த ஆணும் பெண்ணும் விருப்பப்பட்டு ஒரே அறையில் தங்குவதைத் தடுக்கும் சட்டம் எதுவும் இல்லை.

கோவை வழக்கு என்ன?

2019 ஜூனில் கோவையில் ஒரு சர்வீஸ் அபார்ட்மென்ட்டை அதிகாரிகள் சீல் வைத்தனர். ஓர் அறையில் திருமணமாகாத ஜோடி இருந்தது, இன்னோர் அறையில் மது பாட்டில்கள் இருந்தன என்பது காரணம். நிர்வாகம் சென்னை உயர் நீதிமன்றம் போனது. அதே டிசம்பரில் நீதிபதி எம்.எஸ்.ரமேஷ், 'இதில் சட்டமீறல் எங்கே?' என்ற ரீதியில் கேள்வி எழுப்பி, சீலை அகற்ற உத்தரவிட்டார். முறைப்படி நடவடிக்கை எடுக்கவில்லை என்பதையும் சுட்டிக்காட்டினார்.

அப்போ யாரும் மறுக்க முடியாதா?

இங்கேதான் சிக்கல். தங்குவது குற்றமில்லை என்பதால், விடுதி கட்டாயம் ரூம் தர வேண்டும் என்றாகிவிடாது. 2025 ஜனவரியில் ஓயோவே மீரட்டில் ஜோடிகளிடம் உறவுக்கான ஆதாரம் கேட்கும் விதியைக் கொண்டுவந்தது.

என்ன செய்யணும்?

இருவரும் ஒரிஜினல் அடையாள அட்டை எடுத்துக்கோங்க. முன்கூட்டியே போன் செய்து, 'கல்யாணம் ஆகலை, ரூம் கிடைக்குமா?' என நேரடியாகக் கேட்டு, பதிலை வாட்ஸ்அப்பில் வாங்கிக்கோங்க. புதுச்சேரியில் ஒரு இடம் மறுத்தால் அடுத்த தெருவில் பார்க்கலாம். வெள்ளிமலையில் இருட்டிய பிறகு அது நடக்காது.