நரம்பணுக்களுக்கு நிறம் ஏன்?

1873-இல் இத்தாலியரான கமில்லோ கோல்ஜி வெள்ளி உப்பினால் மூளைத் திசுவுக்குச் சாயமேற்றியபோது, மிகச் சில நரம்பணுக்களே கறுத்தன. எஞ்சியவை நிறமேற்காது ஒதுங்கியதால்தான் கறுத்தவற்றின் கிளைகளை நுனிவரை பின்தொடர முடிந்தது. அனைத்தையும் ஒருசேரக் காட்டும் எலக்ட்ரான் நுண்ணோக்கியிலோ சிக்கல் நேர்மாறானது: எல்லாம் தெரிவதால் எதுவும் பிரிந்து தெரிவதில்லை.

கசகசா விதையைவிடப் பெரிதல்லாத பழ ஈயின் மூளையை, மில்லிமீட்டரில் இருபத்தைந்தாயிரத்தில் ஒரு பங்குத் தடிமனில் சுமார் 7,000 சீவல்களாக வெட்டிப் படமெடுத்தால், ஒவ்வொரு சீவலிலும் ஒரு நரம்பணு வெறும் சாம்பல்நிறத் திட்டாகவே நிற்கும். அத்திட்டு அடுத்த சீவலில் எங்கு நகர்ந்துள்ளது என்பதைக் கணினி தொடர்ந்து சென்று முழு உருவையும் மீட்கிறது. சவ்வு மங்கிய இடங்களில் இரண்டு அணுக்களை அது ஒன்றாக ஒட்டிவிடுவதுண்டு, அவற்றை மனிதக் கண்களே திருத்துகின்றன. மீட்ட உருக்களுக்கு இடப்படும் நிறங்கள் பெரும்பாலும், நிலப்படத்தில் மாவட்டங்களுக்குத் தீட்டுவதைப் போல, அண்டை அணுக்களைப் பிரித்தறியவே பயன்படுகின்றன.

இவ்வாறு உருவாக்கப்பட்டு 2024-இல் வெளியான, பழ ஈ மூளையின் ஃப்ளைவயர் வரைபடத்தில் 139,255 நரம்பணுக்களும், ஓர் அணு மற்றொன்றுக்குச் செய்தி கடத்தும் சந்திப்புகளான சினாப்ஸ்கள் ஐந்து கோடிக்கு மேலும் உள்ளன. அனைத்தையும் கோடுகளாக வரைந்தால் கிடைப்பது சிக்குண்ட நூற்கண்டுதான். அட்டைப்படத்துக்கு அழகு, ஆய்வுக்கு உதவாது. எனவே அனுப்பும் அணுக்களை வரிசைகளிலும் பெறும் அணுக்களை நெடுவரிசைகளிலும் அடுக்கி, சினாப்ஸ்களின் எண்ணிக்கைக்கேற்பக் கட்டங்களைக் கருமையாக்குகின்றனர். ஒத்த இணைப்புடையவை அருகருகே வருமாறு வரிசையை மாற்றியதும், சிதறிய புள்ளிகள் திரண்டு, சேர்ந்து இயங்கக்கூடிய குழுக்கள் கரிய பட்டைகளாகத் தென்படுகின்றன.