பாலைவன ரோஜா

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரை சாலையின் இருமருங்கும் ஒரு காலத்தில் ஏரிப் பாசன வயல்கள் பசுமையுடன் விளங்கின. இன்று அவற்றுட் பல, கார்களும் மின்னணுக் கருவிகளும் செய்யும் தொழிற்சாலைகளாக மாறியுள்ளன. தொழிலாளர் குடியிருப்புகள் பலவற்றில் தோட்டம் போடுதற்கு நிலம் இல்லை. மொட்டைமாடியும் கடும் வெயிலுமே உண்டு. அத்தகைய இடத்திற்கும் ஏற்ற செடி ஒன்று உளது. அதுவே அடேனியம்.

இதனைப் பாலைவன ரோஜா என வழங்குவர். எனினும், இது ரோஜா இனத்தைச் சார்ந்ததன்று. அரளியின் குடும்பத்தைச் சார்ந்தது. ஆப்பிரிக்காவின் வறண்ட பகுதிகளும் அரேபியாவும் இதன் தாயகம். அங்கு மழை சில திங்களே பெய்யும். அப்பொழுது கிடைக்கும் நீரை இச்செடி தன் பருத்த அடித்தண்டில் சேர்த்து வைத்துக்கொண்டு, வறண்ட காலத்தைக் கழிக்கும். இவ்வாறு நீரைச் சேமிப்பவற்றைச் சதைப்பற்றுச் செடிகள் என்பர்.

ஒருவகைப் பூவின் மகரந்தத்தை மற்றொருவகைப் பூவின் சூலகமுடியிற் சேர்த்துப் புதிய கலப்பினங்களை உண்டாக்குகின்றனர். தாய்லாந்து நாட்டினர் இதில் வல்லவர். ஆனால், கலப்பினத்தின் விதையை விதைத்தால் தாய்ச்செடியின் பூவே மீண்டும் கிடைக்கும் என்பது உறுதியன்று. கிளையை வெட்டி நட்டாலோ, பூ மாறாது. அடித்தண்டு எளிதில் பருக்காது. ஆதலின், விதையில் வளர்ந்த நாற்றின்மேல் கலப்பினக் கிளையை ஒட்டுக் கட்டுவர். ஒட்டுக்குக் கீழே தோன்றும் துளிர்களைக் கிள்ளிவிடல் வேண்டும். இல்லையேல் அவை ஓங்கி, ஒட்டிய கிளை நலியும்.

தொட்டியின் அடியில் துளைகள் இருத்தல் இன்றியமையாதது. பருமணல், உடைத்த செங்கல், சிறிதளவு மக்கிய எரு ஆகியவற்றைக் கலந்து நிரப்புக. நாள்தோறும் ஆறு மணி நேரமேனும் வெயில் படவேண்டும். கோடையில், மண் காய்ந்த பின்னர் நன்றாக நீர் ஊற்றலாம்.

இச்செடிக்கு உண்மையான சோதனை மழைக்காலத்தில் வருகிறது. சென்னையைச் சூழ்ந்த இப்பகுதியில் ஆண்டு மழையிற் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்கிறது. வானம் மூடி வெயில் குறைந்ததும் இலைகள் பழுத்து உதிரும். செடி ஓய்வு கொள்கிறது என்பதை அறியாதார், தாகத்தால் வாடுகிறது என்று எண்ணி மேலும் நீர் ஊற்றுவர். வேர் அழுகும், அழுகல் அடித்தண்டில் ஏறும், அன்போடு வளர்த்தவர் கையாலேயே செடி மடியும். இக்காலத்தில் தொட்டியை மழை படாத, வெளிச்சமுள்ள தாழ்வாரத்தில் வைத்து, நீரைப் பெரிதும் குறைக்கவேண்டும்.

அடித்தண்டை விரலால் அழுத்திப் பார்த்தல் நலம். முழுவதும் சற்றே சுருங்கியிருப்பின் அது தாகம். ஓரிடம் மட்டும் குழைந்து நீர் கசியுமாயின் அது அழுகல். உடனே செடியைப் பிடுங்கி, கெட்ட பகுதியைத் தூய கத்தியால் முற்றும் நீக்கி, நிழலில் சில நாள் உலர்த்திப் புது மண்ணில் நடுதல் வேண்டும். வெட்டும்பொழுது வடியும் சாறு நஞ்சு. ஆப்பிரிக்க வேட்டுவர் அதனை அம்பு முனையிற் பூசினர். ஆகவே, கைகளை நன்கு கழுவுதல் வேண்டும். சிறுகுழந்தைகளுக்கும் ஆடுகளுக்கும் எட்டாதவாறு தொட்டியை வைத்தல் வேண்டும்.

அளவுக்கு மிஞ்சினால் அமிழ்தமும் நஞ்சு என்பது பழமொழி. செடியின் பிறந்த நாட்டையும் இயல்பையும் அறிந்து, கொடுக்கவேண்டிய காலத்திற் கொடுத்து, நிறுத்தவேண்டிய காலத்தில் நிறுத்துபவரே அதனை நெடுங்காலம் வாழவைப்பர்.