பெயர் நீங்கினால் போதுமா?

நுழையும்முன்

நோயுற்றவர் மருத்துவரிடம் தம் உடலை மட்டும் காட்டுவதில்லை; உற்றாரிடமும் சொல்லத் தயங்கும் செய்திகளைச் சொல்கிறார். அச்செய்திகள் மருத்துவர்கள் பயிலும் இணையவழி வகுப்பில் பாடமாகும்போது, அவருடைய அந்தரங்கத்தைக் காப்பது எவ்வாறு என்பதை இப்பாடம் விளக்குகிறது.

திருக்குறளின் ‘மருந்து’ அதிகாரம், நோயுற்றவர், மருத்துவர், மருந்து, அருகிருந்து உதவுபவர் என்னும் நான்கினையும் மருத்துவத்தின் உறுப்புகளாகக் கொள்கிறது. இந்நான்கிற்கும் அப்பால், நோயாளி முகமறியாத பலர் அவருடைய நோயைப் பற்றிக் கேட்டறியும் இடம் ஒன்று இன்று உருவாகியுள்ளது. அதுவே மருத்துவர்களுக்கான இணையவழித் தொடர்கல்வி.

தொடரும் கற்றல்

மருத்துவ அறிவு நாள்தோறும் வளர்வது. பட்டம் பெற்ற நாளில் கற்றதை மட்டுமே கொண்டு ஒருவர் வாழ்நாள் முழுவதும் மருத்துவம் பார்க்க இயலாது. ஆகவே, ஒவ்வொரு மருத்துவரும் ஐந்து ஆண்டுகளுக்குள் குறைந்தது 30 மணி நேரம் தொடர்கல்வி பெற வேண்டும் என்று இந்திய மருத்துவக் கழகம் 2002ஆம் ஆண்டு வகுத்த நன்னடத்தை விதிகள் கூறுகின்றன.

இணையவழிக் கல்வி ஊரக மருத்துவர்களுக்குப் பெருந்துணையாக விளங்குகிறது. அமெரிக்காவின் நியூ மெக்சிகோ பல்கலைக்கழகத்தில் மருத்துவர் சஞ்சீவ் அரோரா 2003ஆம் ஆண்டு ‘எக்கோ’ என்னும் திட்டத்தைத் தொடங்கினார். தொலைதூரத்து மருத்துவர்கள் தம் நோயாளிகளின் நிலையைத் திரைவழியே எடுத்துரைப்பர்; வல்லுநர்களும் பிற மருத்துவர்களும் அதனைக் கலந்துரையாடுவர். பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனம் இம்முறையைப் பின்பற்றி, உளநலம், போதைப் பழக்க மீட்பு ஆகியவற்றில் மருத்துவர்களுக்குப் பயிற்சி அளித்து வருகிறது. இத்தகைய வகுப்புகளில் நோயாளியின் பெயரைக் கூறாமை அடிப்படை விதியாகும்.

பெயரில்லாத அடையாளம்

நோயாளியின் அடையாளம் வெளிப்படுமாறு அவருடைய ஒளிப்படத்தையோ நோய் வரலாற்றையோ அவரது இசைவின்றி வெளியிடலாகாது என்பதும் 2002ஆம் ஆண்டு விதிகளுள் ஒன்று. அடையாளம் வெளிப்படாதெனில் இசைவு தேவையில்லை என்றும் அவ்விதி கூறுகிறது. எனவே, ‘அடையாளம்’ என்பது எது என்னும் வினா முதன்மை பெறுகிறது.

இவ்வினாவிற்கு 1997ஆம் ஆண்டு அமெரிக்காவில் நிகழ்ந்த ஓர் ஆய்வு விடை தந்தது. மாசசூசெட்ஸ் மாநில அரசு ஊழியர்களின் மருத்துவப் பதிவுகள், பெயரும் முகவரியும் நீக்கப்பட்டு ஆய்வாளர்களுக்கு வழங்கப்பட்டிருந்தன. ஆய்வு மாணவியாக இருந்த லதான்யா ஸ்வீனி, அவற்றை வாக்காளர் பட்டியலோடு ஒப்பிட்டார். பிறந்த நாள், பாலினம், அஞ்சல் குறியீடு ஆகிய மூன்றைக் கொண்டே, ஆளுநர் வில்லியம் வெல்டின் மருத்துவப் பதிவை அவர் கண்டறிந்தார்.

திண்டுக்கல்லிலிருந்து நத்தம் செல்லும் சாலையிலுள்ள சாணார்பட்டி போன்ற ஊர்ப்புறங்களில் இத்தகைய ஒப்பீடும் தேவைப்படாது. சான்றாக, இவ்வட்டார மருத்துவர் ஒருவர் வகுப்பில் இவ்வாறு உரைப்பதாகக் கொள்ளலாம்: “சாணார்பட்டிக்காரர், வயது 46, தோல் பதனிடும் தொழிலாளி, மூன்று பெண் மக்கள், கையில் ஆறாத புண், மதுப்பழக்கத்திற்கும் சிகிச்சை பெறுகிறார்.” இதில் பெயர் இல்லை. எனினும், அதே வட்டாரத்தைச் சேர்ந்த எவரும் அவர் இன்னார் என உணர்ந்துகொள்வர். செய்தி பரவினால் அவருடைய வேலைக்கு இடர் நேரலாம். மகளின் திருமணப் பேச்சு தடைப்படலாம். அவர் சிகிச்சையைக் கைவிடுவதோடு, ஊரிலுள்ள பிறரும் மருத்துவரிடம் உண்மையைச் சொல்ல அஞ்சுவர்.

காக்கும் வழிமுறைகள்

பாடத்திற்குத் தேவையானதை மட்டுமே கூறுவது முதல் நெறி. 46 வயது என்பதனை ‘நாற்பதைக் கடந்தவர்’ என்றும், ஊர்ப்பெயரை ‘ஊரகப் பகுதி’ என்றும், தேதியைச் ‘சிகிச்சையின் மூன்றாம் வாரம்’ என்றும் மாற்றலாம். தோல் பதனிடுதலில் பயன்படும் குரோமிய உப்புகள் தோல் நோயை உண்டாக்கக்கூடும். ஆதலால், புண்ணைப் பற்றிய வகுப்பில் தொழிலைக் கூற வேண்டும்; குடும்பச் செய்தியையும் மதுப்பழக்கத்தையும் கூற வேண்டியதில்லை. மதுப்பழக்க மீட்பைப் பற்றிய வகுப்பிலோ, தொழிலைத் தவிர்க்கலாம்.

படங்களில் கூடுதல் கவனம் தேவை. கண்களின்மேல் கறுப்புப் பட்டை இடுவதால் மட்டும் முகம் மறைந்துவிடுவதில்லை. தழும்பும் பச்சை குத்திய குறியும் ஒருவரைக் காட்டிக்கொடுக்கும். ஊடுகதிர்ப் படக் கோப்பினுள் பெயரும் எண்ணும் பதிந்திருக்கலாம். கைப்பேசியில் எடுத்த ஒளிப்படம் எடுத்த இடத்தையும் தன்னுள் சுமந்திருக்கலாம். இவற்றை நீக்கிய பின்னரே திரையில் காட்ட வேண்டும்.

வகுப்பில் பங்கேற்போருக்கும் பொறுப்பு உண்டு. வீட்டார் காதில் விழாதவாறு தனியிடத்தில் அமர்ந்து கேட்பதும், திரையைப் படமெடுத்துப் புலனக் குழுக்களில் பகிராதிருப்பதும் அவர்தம் கடமைகளாகும்.

இசைவு பெறுதல்

அந்தரங்கம் அடிப்படை உரிமை என உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு 2017 ஆகஸ்டு 24 அன்று தீர்ப்பளித்தது. 2023ஆம் ஆண்டின் எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், இசைவு கட்டாயமின்றியும் தெளிவாகவும் பெறப்பட வேண்டும் என்கிறது. இசைவு கோரும் வாசகத்தை அரசமைப்பின் எட்டாம் அட்டவணை மொழிகளுள் ஒன்றில் படிக்கும் வாய்ப்பையும் அது வழங்குகிறது. தமிழும் அவற்றுள் ஒன்று.

எனினும், கையொப்பம் மட்டுமே இசைவாகிவிடாது. மறுத்தால் மருத்துவர் முகம் சுளிப்பாரோ என்னும் அச்சத்தில் இட்ட கையொப்பத்தில் உரிமை இல்லை. மறுப்பதால் சிகிச்சை குறையாது என்பதையும், பதிவு செய்யப்பட்ட காட்சி பரவிவிட்டால் அதனை முற்றிலும் மீட்க இயலாது என்பதையும் நோயாளிக்கு விளங்குமாறு முன்பே எடுத்துரைக்க வேண்டும்.

அனைத்தையும் மறைத்தால் மருத்துவர்கள் கற்க இயலாது. அனைத்தையும் வெளிப்படுத்தினால் நோயாளிகளின் நம்பிக்கை நிலைக்காது. ஆகவே, ஒவ்வொரு வகுப்பிற்கு முன்பும் மருத்துவர் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டிய வினா ஒன்று உண்டு: இவ்வுரையை நோயாளியின் பக்கத்து வீட்டார் கேட்டால், இவர் இன்னார் என அறிந்துகொள்வாரா? ‘ஆம்’ என்பது விடையானால், இன்னும் சில செய்திகளை நீக்க வேண்டும். நீக்க இயலாதெனில், நோயாளியின் இசைவைப் பெற வேண்டும்.