பழைய காரின் பிறேக் எண்ணெயை மாற்றுவது ஏன்?

திரவங்களை எளிதில் நெருக்க முடியாது. ஆகவே பிறேக் மிதியை மிதிக்கும்போது உண்டாகும் அமுக்கம் பிறேக் எண்ணெயினூடாகச் சில்லுகளுக்குக் கடத்தப்படுகின்றது. ஆனால் இவ்வெண்ணெய் காலப்போக்கில் வளியிலுள்ள நீராவியை உறிஞ்சுகின்றது. டொட் 3 வகை எண்ணெய்க்கு இருக்க வேண்டிய ஆகக்குறைந்த கொதிநிலை புதிதாக உள்ளபோது 205 பாகை செல்சியஸ், 3.7% நீர் சேர்ந்தபின் 140 பாகை செல்சியஸ்.

நுவரெலியாவிலிருந்து இறங்குவது போன்ற நீண்ட சரிவில் தொடர்ந்து பிறேக் பிடித்தால் உராய்வினால் பெரும் வெப்பம் பிறக்கும். நீர் சேர்ந்த எண்ணெய் கொதித்து ஆவிக்குமிழிகள் தோன்றும். ஆவி நெருங்கக்கூடியது. எனவே மிதி அடிவரை சென்றாலும் வாகனம் நிற்காது.

ஆகையால் தேய்ந்த பிறேக் பாட்களை மாற்றுவது மாத்திரம் போதாது. உற்பத்தியாளர் குறிப்பிட்ட காலத்தில் எண்ணெயையும் மாற்றி, குழாய்களிலுள்ள வளியை அகற்றுதல் வேண்டும்.