கார்வெட்டா, தண்டர்பேர்டா?

சங்க அன்பர்கள் பலருடைய பிள்ளைகள் இன்று அமெரிக்காவில் இருக்கிறார்கள். அங்கே எழுபது வருடப் பழைய கார்களை வாங்கிப் பேணுவது பலருக்குப் பெரிய ஆசை. என் மருமகப்பிள்ளைக்கும் அந்த ஆசை வந்துவிட்டது. சேமிப்பில் பெரும்பகுதி போகும் காரியம் என்பதால் என்னிடம் யோசனை கேட்டார். அவர் மனதில் இருந்தவை இரண்டு: செவர்லே கார்வெட், ஃபோர்டு தண்டர்பேர்டு. ரயில்வே பணிமனையில் இரும்போடு காலம் கழித்தவன் என்ற முறையில் நான் அவருக்குச் சொன்னதை இங்கே தருகிறேன்.

முதலில் வந்தது கார்வெட். 1953இல் தயாரானவை 300 வண்டிகள்தான். எல்லாமே வெளியே வெள்ளை, உள்ளே சிவப்பு. உடல் ஃபைபர் கிளாஸ். ஆறு சிலிண்டர் எஞ்சின், 150 குதிரைத்திறன், இரண்டே வேகங்கள் கொண்ட ஆட்டோமேட்டிக் கியர். வெளியே கதவுக் கைப்பிடி கிடையாது. ஏற்றி இறக்கும் கண்ணாடியும் கிடையாது. அழகு இருந்தது, வசதி இல்லை. 1955இல் 700 வண்டிகளே தயாராயின.

அதே 1955 மாடலாக ஃபோர்டு தண்டர்பேர்டைக் கொண்டுவந்தது. இரும்பு உடல், வி-8 எஞ்சின், ஏறி இறங்கும் கண்ணாடி. முதல் வருடமே 16,000க்கு மேல் தயாரித்தார்கள். போட்டி வந்தபின் செவர்லே சும்மா இருக்க முடியுமா? கார்வெட்டுக்கும் வி-8 வந்தது. 1957இல் 283 கன அங்குல எஞ்சினில் 283 குதிரைத்திறன் வரை எடுத்தார்கள். தண்டர்பேர்டோ 1958இல் நான்கு பேர் அமரும் பெரிய காராக மாறிவிட்டது. ஆகவே சேகரிப்போர் தேடுவது 1955 முதல் 1957 வரை வந்த இரு இருக்கை வண்டிகளையே.

வாங்குவோர் பெயிண்டைப் பார்த்து மயங்கக் கூடாது. ரயில் பெட்டியில் கழிவறையை ஒட்டிய தரைதான் முதலில் அரிக்கும். அதுபோல் தண்டர்பேர்டில் தரைத் தகடு, கதவின் அடிப்பகுதி, டிக்கியின் தரை மூன்றையும் பார்க்கவேண்டும். சிறு காந்தத்தை வைத்துப் பாருங்கள். ஒட்டாத இடத்தில் உள்ளே இருப்பது மக்கு. கார்வெட்டின் உடல் துருப்பிடிக்காது. ஆனால் அடியில் இருக்கும் சட்டம் இரும்பு, அது துருப்பிடிக்கும். உடலில் விரிசலும், பழைய விபத்தை மறைத்த ஒட்டும் இருக்கலாம். எஞ்சின் அந்த வண்டியோடு பிறந்ததுதானா என்று சரிபார்க்காமல் முன்பணம் கொடுக்கவேண்டாம்.

இன்னொன்று முக்கியம். ரயிலில் குழாய் அறுந்தால் பிரேக் தானே பிடித்துக்கொள்ளும். இந்தக் கார்களில் நேர்மாறு: ஒரு குழாய் கசிந்தால் நான்கு சக்கரங்களுக்கும் பிரேக் போய்விடும். ஆகவே முதல் செலவு பிரேக்குக்குத்தான். பாலீஷ் எல்லாம் பிறகு.

ஞாயிற்றுக்கிழமை மனைவியோடு நிதானமாகப் போய்வர 1956 அல்லது 1957 தண்டர்பேர்டு ஏற்றது. 1955 வண்டியில் இருந்த 6 வோல்ட் மின்சாரம் 1956இல் 12 வோல்ட் ஆனது, உள்ளே காற்றுவரவும் வழி செய்தார்கள். வேகத்தை விரும்புகிறவர்களுக்கு 1956க்குப் பின் வந்த வி-8 கார்வெட். 1953 கார்வெட் கிடைப்பதற்கு அரிது, விலையும் மிக அதிகம். அது ஓட்டுவதற்கு அல்ல, வைத்துப் பார்ப்பதற்கு. எதை வாங்கினாலும், வண்டியைத் தூக்கி நிறுத்தி அடிப்பாகத்தைப் பார்த்த பிறகே விலை பேசுங்கள்.